நான்கு மணிக்குத் திறந்தால் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நடைபாதைவாசிகளைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, சென்ற ஐப்பசியில் நான் கண்ட ஒரு விடியற்காலையை நினைவூட்டியது. ரயிலைப் பிடிக்க சென்ட்ரலுக்குப் போகும் வழியில், வால்டாக்ஸ் சாலையில் என் ஆட்டோ பழுதாகி நின்றுவிட்டது. மணி நாலரை இருக்கும். எதிர் நடைபாதையில், சுவரோரம் நிறுத்தியிருந்த மீன்பாடி வண்டியின் மறைவில், இரண்டு பெண்கள் பழைய சேலை ஒன்றை ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பிடித்திருக்க, அதற்குப் பின்னால் ஒரு பெண் குளித்துக்கொண்டிருந்தார். வாகன வெளிச்சம் பட்டபோதெல்லாம் சொம்பைக் கீழே வைத்துவிட்டு அப்படியே குனிந்துகொண்டார்.

குளியல் முடிந்ததும், சேலை பிடித்திருந்த மூதாட்டி என்னைப் பார்த்து, "இன்னாம்மா, வண்டி நின்னுபோச்சா? இப்டி வந்து குந்து" என்று அந்தக் காலி வாளியையே கவிழ்த்துப் போட்டார். அவர் பிறந்ததே அந்த நடைபாதையில்தானாம். அருகிலிருக்கும் கட்டணக் கழிப்பறை ஆறு மணிக்குத்தான் திறக்கும். அதற்குள் தெரு விழித்துவிடும், சௌகார்பேட்டையில் வீட்டுவேலைக்கும் போயாக வேண்டும்.

குளியலறைத் தாழ்ப்பாள் இறுகிக்கொண்டதற்காக இரண்டு வாரமாகத் தச்சரைத் திட்டிக்கொண்டிருந்தவள் நான். கதவைச் சாத்திக்கொண்டு குளிப்பதை அறுபத்து மூன்று வயதுவரை ஒரு வசதியென்றே நான் எண்ணியதில்லை. அன்று கடவுளுக்கு நன்றி சொன்னேன். பிறருடைய இல்லாமையைப் பார்த்துத்தானா இது தெரிய வேண்டும் என்று, சொன்ன கையோடு கூச்சமாகவும் இருந்தது.

'பெரும்பாக்கத்தில் வீடு கொடுக்கிறார்களே' என்று என் உறவினர்களே கேட்கிறார்கள். 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் அடுக்குமாடி வீடுகள் கட்டியது உண்மைதான். ஆனால் 20 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, விடிந்தும் விடியாமலும் சௌகார்பேட்டையில் வேலைக்கு நிற்பது எப்படி? நகரங்களில் லட்சம் பேருக்கு ஒன்று என வீடற்றோர் தங்கும் காப்பகம் வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2010இலேயே உத்தரவிட்டது. ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி என்றிருக்கும் காப்பகத்துக்குக் கணவனையும் பிள்ளைகளையும் பிரிந்து யார் போவார்கள்? குடும்பத்தோடு தங்கும் காப்பகங்கள் அந்தப் பகுதியிலேயே வேண்டும்.

அதற்கு நாளாகுமென்றால், கழிப்பறைகளையாவது குளிக்கும் அறைகளோடு முன்னதாகத் திறந்துவிடலாம். வாளி கவிழ்த்துப் போட்ட அந்த அம்மாளின் கணக்குப்படி, நான்கு மணிக்குத் திறந்தால் போதும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
பெரம்பூர், சென்னை.