அக்காவுக்கு, ஹாமில்டனிலிருந்து

அக்கா,

நலம்தானே? பாலக்கோட்டில் தக்காளி விலை மறுபடியும் விழுந்துவிட்டதென்று அப்பா போனில் புலம்பினார், அது அப்புறம். நீ கேட்டது நியூசிலாந்து வகுப்பறை எப்படி என்று, அதையே எழுதுகிறேன்.

எனக்கு ஆசிரியர் பயிற்சி ஒரு தொடக்கப் பள்ளியில், ஏழெட்டு வயதுப் பிள்ளைகள். பாதிப் பேர் வெறுங்காலோடுதான் ஓடி வருகிறார்கள், யாரும் கண்டுகொள்வதில்லை, நம் பக்கத்தில் செருப்பில்லாமல் வந்தால் அதற்குக் காரணமே வேறு. என் வழிகாட்டி டீச்சரை எல்லோரும் ஃபாயா என்கிறார்கள், இங்குள்ள பூர்வகுடிகளின் மாவோரி மொழியில் அத்தை, அம்மா மாதிரி, நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

அவர் கேள்வி கேட்டதும் வாயை மூடிக்கொள்கிறார். 47-ல் 19 போனால் எவ்வளவு என்று கேட்டுவிட்டு, கை தூக்கியவனைக்கூடக் கூப்பிடாமல் சும்மா நிற்கிறார். ஒரு பையன் 20-ஐக் கழித்து 27, அதோடு 1 சேர்த்து 28 என்றான், ஒரு பெண் 19-லிருந்து மேலே எண்ணிக்கொண்டே போய், 20-க்கு 1, அங்கிருந்து 40-க்கு 20, 47-க்கு 7 என்று கூட்டி அதே 28-க்கு வந்தாள். இரண்டையும் பலகையில் எழுதினார், எது சரி என்று உடனே சொல்லவில்லை, "யாருக்காவது சந்தேகம் இருக்கா" என்று மட்டும் கேட்டார். தர்மபுரியில் நமக்குப் பக்கத்துப் பத்தில் கடன் வாங்குவதைத் தவிர வேறு வழியே காட்டவில்லையே.

ஏன் இப்படி நிற்கிறீர்கள் என்று கேட்டேன். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களிலேயே எழுதியதுதான் என்றார்: டீச்சர்கள் கேள்வி கேட்டு 1 வினாடிதான் பொறுக்கிறார்கள், 3 வினாடி பொறுத்தால் பதில் நீளமாகிறது, பேசாத பிள்ளையும் வாய் திறக்கிறது.

தெரிந்த பிள்ளையைத் தெரியாத பிள்ளையோடு உட்கார வைப்பதும் உண்டு, துவாகானா தெய்னா என்று மாவோரி வழக்கம், மூத்தது இளையதற்குச் சொல்லித் தருவது. நீ ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை ஒரே அறையில் வைத்துக்கொண்டு வேறு வழியில்லாமல் செய்வதை இங்கே தத்துவம் என்று வகுப்பெடுக்கிறார்கள், சிரிப்பு வந்தது. ஆனால் உன் எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்பில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பது பிள்ளைகளுக்கே தெரிந்துவிடுமே, இங்கே ஜோடி அடிக்கடி மாறுவதால் யார் எந்த நிலை என்று அவ்வளவாகத் தெரிவதில்லை.

எல்லாமே பிடித்துவிடவில்லை. 2024-லிருந்து வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றுக்கும் நாளுக்குச் சராசரியாகத் தலா 1 மணி நேரம் என்பது அரசு விதி, அந்த ஒரு மணியில் இத்தனை பேச்சுக்கு இடம் விட்டால் வாய்ப்பாடு எப்போது மனதில் ஏறும்? ஃபாயாவிடம் கேட்டேன், அதற்கும் 3 வினாடி பொறுத்துவிட்டு "நீ என்ன நினைக்கிறாய்" என்றார்!

உன் மூன்றாம் வகுப்பில் இதைச் செய்து பார்த்து எழுது. முந்திக்கொண்டு கத்தும் இரண்டு பேரை எப்படி அடக்குவாய் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும், அடுத்த வாரம் கணக்குப் பாடம் நான்தான் எடுக்கிறேன்.

உன் தங்கை