விட்டுப்போன எண்: டியூஷன் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்றபடி நீ அனுப்பிய வாட்ஸ்அப் கிடைத்தது. "அண்ணா, 2520-ஐ ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் எதால வகுத்தாலும் மீதியே வரல. வாரம் 7 நாள், மாசம் 30 நாள், வருஷம் 12 மாசம், பெருக்கினா 2520-ஆம்!"

கூட்ஸ் வண்டி போய் முடிவதற்குள் பத்து வகுத்தலையும் நீயே போட்டுப் பார்த்தாய் பார், அது பிடித்தது. நாள், மாதக் கதையை விடு. பிப்ரவரி கோபித்துக்கொள்ளும். விஷயம் 8 × 9 × 5 × 7-இல் இருக்கிறது. எட்டுக்குள் 2, 4 அடக்கம், ஒன்பதுக்குள் 3. 6-க்கும் 10-க்கும் தனியாக எதுவும் தேவையில்லை.

2520-க்குக் காரணிகள் 48. அதைவிடச் சின்ன எண் எதற்கும் அத்தனை கிடையாது. காசிமேட்டில் உங்கள் அப்பா வீட்டு மீனைப் பங்கு பிரிக்கும்போது 60 இருந்தால் நாலு பேரோ, ஐந்து பேரோ, ஆறு பேரோ, சண்டை வராது. 59 என்றால் வரும். அந்த 60-உம் இந்த ஜாதி எண்தான்: தன்னைவிடச் சின்ன எண் எதையும்விட அதிகக் காரணிகள் கொண்டது.

1912-இல் நம் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் கணக்கு எழுதிய ராமானுஜன், 1915-இல் இங்கிலாந்திலிருந்து இந்த எண்களைப் பற்றித்தான் நீளமான கட்டுரை வெளியிட்டார். நூற்றுக்கு மேற்பட்டவற்றைக் கையாலேயே கண்டுபிடித்து அட்டவணை போட்டார். அதில் ஒன்று விட்டுப்போய்விட்டது. 293318625600. அதாவது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600.

போன வாரப் பரீட்சையில் ஒரு வரியை விட்டுவிட்டு நீ மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தாயே, அப்போதே இதைச் சொல்ல நினைத்தேன்.

அந்த விட்டுப்போன எண்ணைப் பிரித்துப் பார். உன் 2520 அதற்குள் இரண்டு தடவை உட்கார்ந்திருக்கிறது: 2520 × 2520 × 11 × 13 × 17 × 19. பகா எண்களாக உடைத்தால் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5-உம் 7-உம் இரண்டிரண்டு முறை, மற்றவை ஒவ்வொரு முறை. இந்த ஜாதி எண்கள் எல்லாவற்றிலும் பெரிய பகா எண்ணுக்குப் போகப் போக அடுக்கு ஏறவே ஏறாது. கடைசிப் பகா எண் ஒரே ஒருமுறைதான் வரும், 4-உம் 36-உம் மட்டும் விலக்கு. இதையும் அவர்தான் நிரூபித்தார்.

காரணிகளை எண்ணுவோம். ஒரு காரணிக்குள் 2 வராமலே இருக்கலாம், ஆறு தடவை வரைக்கும் வரலாம். ஆக 7 வழி. 3-க்கு 5 வழி. 5, 7-க்கு மும்மூன்று. மற்ற நான்குக்கும் இரண்டிரண்டு. பெருக்கினால் 5040.

இங்கேதான் நான் பேனாவைக் கீழே வைத்தேன். 5040-உம் அதே ஜாதி! அதற்குக் காரணிகள் 60. அறுபதுக்கு 12, பன்னிரண்டுக்கு 6, ஆறுக்கு 4. நாலு வரைக்கும் எல்லாமே அந்த வம்சம்; நாலுக்கு 3 என்று வரும்போதுதான் சங்கிலி அறுகிறது.

ஞாயிற்றுக்கிழமை வரும்போது நோட்டு எடுத்து வா. 5040-க்குக் கீழே 60 காரணி உள்ள எண் ஒன்றுகூட இல்லை என்று நீ காட்ட வேண்டும். கால்குலேட்டர் வேண்டாம்.

அன்புடன்,
அண்ணன்