வன்னிப் பிள்ளைகளின் விளையாட்டுக்காக ஒரு சைக்கிள் பயணம்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வருகின்ற மாசி மாதத்தில், யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கின் முன்றலிலிருந்து முல்லைத்தீவு வரை எமது குழுவினர் சைக்கிளில் செல்லவுள்ளோம். போரால் பாதிக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் பாடசாலை விட்ட பின் ஒழுங்காக விளையாடவும் பயிற்சி பெறவும் நிதி திரட்டுவதே இப்பயணத்தின் நோக்கமாகும். அதற்கு உங்கள் உதவியை வேண்டி இம்மடலை வரைகின்றோம்.

நாவற்குழிப் பாலத்தைக் கடந்து சாவகச்சேரி, கொடிகாமம், முகமாலை, பளை, ஆனையிறவு வழியாகப் பரந்தனை அடைந்து, அங்கிருந்து கிழக்கே திரும்பி விசுவமடு, புதுக்குடியிருப்பு ஊடாக முல்லைத்தீவு செல்லும் இப்பாதை நூறு கிலோமீற்றருக்கும் மேற்பட்டது. இப்பாதையையும் சைக்கிளையும் நாங்கள் வேண்டுமென்றே தெரிவு செய்தோம். 1995 ஒக்ரோபர் 30 அன்று போரினால் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதி மக்கள் இடம்பெயர்ந்தபோது, கைபிடியில் பைகளும் முன் பாரில் பிள்ளையும் கரியரில் வயோதிபத் தாயுமாக, ஏறி ஓட இடமில்லாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே எங்களிற் பலர் அந்தப் பாலத்தைக் கடந்தோம். எரிபொருட் தடை நிலவிய அக்காலத்தில் விறகும் நெல்லும் நோயாளியும் சைக்கிளில்தான் சென்றன. 2009இன் தொடக்கத்தில், பரந்தன் முல்லைத்தீவு வீதியால் கிழக்கு நோக்கி ஒதுங்கிய வன்னி மக்களிடமும் இறுதிவரை மிஞ்சியிருந்த வாகனம் பெரும்பாலும் அதுவே. உயிர் தப்புவதற்காக ஓடிய வீதியில், இப்போது பிள்ளைகளுக்காக ஓட விரும்புகின்றோம்.

போர் 2009 மே மாதத்தில் முடிந்துவிட்டதே, அதன் பின் பிறந்த பிள்ளைகள் எவ்வாறு போரால் பாதிக்கப்பட்டவர்களாவர் என்று சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். ஆயினும் தந்தையை இழந்து, அல்லது காணாமலாக்கப்பட்ட தந்தையின் படத்துக்கு முன்னால் வளரும் பிள்ளையின் வீட்டில், தாயின் நாட்கூலி அரிசிக்கும் கொப்பிக்குமே போதாதிருக்கும்போது, ஒரு சோடி சப்பாத்து வாங்குவதென்ற பேச்சே எழுவதில்லை. முகமாலை போன்ற இடங்களில் கண்ணிவெடி அகற்றும் பணி போர் முடிந்து பல ஆண்டுகள் சென்ற பின்னரும் தொடர்ந்தது. வெறுங்காணியில் பந்தடிக்கச் சென்ற பிள்ளையைத் தாய் பதறியடித்துத் திருப்பி அழைத்த காலம் அது. அந்தப் பயம் சில வீடுகளை விட்டு இன்னும் நீங்கவில்லை.

நாங்கள் சென்று பார்த்த மைதானங்களில் கிரவலும் நெருஞ்சி முள்ளுமே அதிகம். புதுப் பந்தின் தோல் சில வாரங்களில் உரிந்து, உள்ளிருக்கும் பிளாடர் வெளியே தள்ளுகின்றது. அதனைச் சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போடுவதைப் போலவே ஒட்டிப் பிள்ளைகள் மீண்டும் ஆடுகின்றனர். மாலைப் பயிற்சி சூடுபிடிக்கும் வேளையில், கடைசி பஸ்ஸைப் பிடிப்பதற்காகத் தூரத்துப் பிள்ளைகள் இடைநடுவே புறப்பட்டுவிடுகின்றனர். அவர்களிற் பெண் பிள்ளைகளே அதிகம் என்பது எங்களை மிகவும் வருத்தியது.

எனவே இந்நிதியை ஒரு நாட் சுற்றுப்போட்டிக்கோ வெற்றிக் கிண்ணங்களுக்கோ நாங்கள் செலவிடப் போவதில்லை. உதைபந்து, கரப்பந்து, வலைப்பந்து, சப்பாத்து, பயிற்றுநருக்கான மாதக் கொடுப்பனவு, பயிற்சியின் பின் அவித்த கடலையும் முட்டையும் வாழைப்பழமும் ஆகிய அன்றாடத் தேவைகளுக்கே அது செல்லும். கால் இழந்த பிள்ளைகள் இருந்தபடியே ஆடும் கரப்பந்தாட்டத்துக்கெனத் தனியாகத் தளம் ஒன்றைச் செப்பனிடுவதும் எமது திட்டத்தில் உண்டு. பயணம் முடிந்ததும், பங்குபற்றுநர்கள் விரும்பிக் கையளிக்கும் சைக்கிள்கள், பஸ்ஸை நம்பியிருக்கும் பிள்ளைகளுக்கு வழங்கப்படும்.

1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்தலில் தங்கம் வென்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கமும், வலைப்பந்தாட்டத்தில் இலங்கைக்குப் பெருமை சேர்த்த தர்ஜினி சிவலிங்கமும் இந்த மண்ணின் பிள்ளைகளே. ஆனால் பதக்கங்களை உறுதியளித்து நாங்கள் உங்களிடம் பணம் கேட்கவில்லை. மாலை நான்கு மணிக்கு மைதானத்துக்கு வரும் ஒரு பிள்ளை ஆறு மணி வரை கவலையின்றி விளையாடினாலே எமக்குப் போதும்.

பயணத்தின்போது ஏற்படும் உணவு, தங்குமிடம், வாகன உதவி ஆகியவற்றின் செலவைப் பங்குபற்றுநர்களே ஏற்றுக்கொள்கின்றனர். நன்கொடையில் ஒரு சதமேனும் அதற்கு எடுக்கப்படமாட்டாது. வரவு செலவுக் கணக்கு, பிள்ளைகள் விளையாடும் கிராமங்களின் சனசமூக நிலைய அறிவித்தற் பலகைகளில் காட்சிப்படுத்தப்படும். பெற்றோர் அதனை வாசித்துக் கேள்வி கேட்க வேண்டும் என்பதே எமது விருப்பம்.

உள்ளூர் உறவுகளும் புலம்பெயர்ந்து வாழும் உறவுகளும் ஒரு கிலோமீற்றருக்கு இவ்வளவு என உறுதியளித்தோ, இயன்ற தொகையை ஒருமுறையாகவோ வழங்கலாம். பணமாகத் தர இயலாதோர் நல்ல நிலையிலுள்ள பாவித்த சைக்கிளை, பந்தை, சப்பாத்தைத் தந்துதவலாம். சப்பாத்து தருவோர் அதன் அளவை ஒரு துண்டில் எழுதிக் கட்டிவிடுமாறு கேட்டுக்கொள்கின்றோம். நன்கொடைகளைக் குழு உறுப்பினர்களிடம் நேரில் கையளித்து, இலக்கமிடப்பட்ட பற்றுச்சீட்டைத் தவறாது பெற்றுக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருப்போர் இங்குள்ள உறவினர் மூலம் கையளிக்கலாம். எங்களுடன் சேர்ந்து ஓட விரும்புவோர் தை மாத இறுதிக்குள் பெயரைப் பதிவு செய்துகொள்வது, வழியில் தண்ணீரும் முதலுதவியும் ஒழுங்கு செய்ய எங்களுக்கு வசதியாக இருக்கும்.

இங்ஙனம்,
பயண ஏற்பாட்டுக் குழுவினர்,
யாழ்ப்பாணம்.