இரண்டாம் தவணை நிறைவு: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்பார்ந்த பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். இரண்டாம் தவணை நல்லபடியாக முடிகிறது. தமிழ்மொழித் தினப் போட்டிகளிலும் வலயமட்ட விளையாட்டுகளிலும் பிள்ளைகள் கெட்டித்தனமாகப் பங்குபற்றினார்கள். தரம் 5 பிள்ளைகள் புலமைப்பரிசில் பரீட்சைக்கு உழைத்த உழைப்பு உங்களுக்கே தெரியும். சிரமதானத்துக்கு வந்தவர்களுக்கு நன்றி. தேர்ச்சி அறிக்கைகளை வகுப்பாசிரியரிடம் பெற்றுக்கொள்ளலாம்.

இனி, வாசலில் நாங்கள் அன்றாடம் காணும் ஒரு விடயம். காரின் முன் ஆசனத்தில் அம்மாவின் மடியில் ஒரு பிள்ளை. பின்னால் ஒரே ஆசனப்பட்டிக்குள் அண்ணனும் தங்கையும். சில வான்களிலோ பட்டி இருந்தும் சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. காலை அவசரமும் கல்லடிப் பாலத்து நெரிசலும் எங்களுக்கும் புரியும். என்றாலும் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

மணிக்கு 40 கிலோமீற்றரில் போகும் வாகனம் மோதி, பத்தில் ஒரு செக்கனில் நின்றால், 20 கிலோ எடையுள்ள பிள்ளையைப் பிடித்துவைக்க 200 கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தைத் தாங்கும் பலம் வேண்டும். எந்தத் தாயின் கையும் அதைத் தாங்காது. தாயையும் பிள்ளையையும் சேர்த்து ஒரே பட்டியால் கட்டினால் இன்னும் மோசம்: தாயின் உடல் முழுவதும் பிள்ளையைப் பட்டியோடு நசுக்கும். இரண்டு பிள்ளைகளை ஒரே பட்டிக்குள் வைத்தால் தலையும் தலையும் மோதும். முன்னால் காற்றுப்பை உள்ள வாகனமென்றால், அது கண் இமைக்கும் நேரத்துக்குள் வெடித்து விரிவது வளர்ந்தவரின் நெஞ்சுக்காக; அதே உயரத்தில் இருப்பது சிறுபிள்ளையின் முகம். எனவே 12 வயது வரை பின் ஆசனமே இடம்.

பட்டி கொளுவினால் மட்டும் போதாது. அது எங்கே கிடக்கிறது என்பதுதான் முக்கியம். கீழ்ப்பட்டி வயிற்றில் அல்ல, தொடையும் இடுப்பும் சேருமிடத்தில், இடுப்பெலும்பில் பதிய வேண்டும். வயிற்றில் கிடந்தால் மோதலின்போது குடலையும் ஈரலையும் அறுக்கும். மேல்பட்டி காறையெலும்பின் நடுவால் போக வேண்டும். கழுத்தில் உரசுகிறது என்று சில பிள்ளைகள் அதைக் கக்கத்துக்குக் கீழே விடுகிறார்கள், சிலர் முதுகுக்குப் பின்னால் தள்ளுகிறார்கள். முதலாவதில் விலா எலும்பு முறியும், இரண்டாவதில் தலை முன் ஆசனத்தில் போய் அடிக்கும். கழுத்தில் உரசுவதற்குக் காரணம் பிள்ளை இன்னும் உயரவில்லை என்பதுதான். ஏறத்தாழ 145 சென்ரிமீற்றர் வரும்வரை, பிள்ளையை உயர்த்தி அமர்த்தும் பூஸ்டர் சீட் தேவை; ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த உயரத்துக்கு வந்திருக்க மாட்டார்கள். தலையணையை மடித்துப் போடுவது அதற்கு ஈடாகாது. அது அமுங்கி வழுக்க, பிள்ளை பட்டிக்கு அடியால் நழுவும். வழுவழுப்பான ரெக்சின் கவரும் இதையேதான் செய்யும்.

புத்தகப் பையை முதுகில் போட்டபடி பட்டி கொளுவக் கூடாது. பைக்கும் உடம்புக்கும் நடுவில் வரும் இடைவெளி அவ்வளவும் தளர்வுதான். பட்டி முறுக்கியிருந்தால் விரித்துவிட்டுக் கொளுவுங்கள். முறுக்கிய பட்டியில் விசை முழுவதும் ஒரு கயிற்றளவு இடத்தில் இறங்கும். வெயிலில் நின்ற வாகனமென்றால், பட்டியின் நுனியில் பூட்டுக்குள் செருகும் உலோக நாக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பிள்ளையை ஏற்றுங்கள். நம் ஊர் வெயிலில் அது சுடும், பிள்ளை அதற்குப் பிறகு பட்டியைக் கண்டாலே அழும்.

இந்த விடுமுறையில் ஒருநாள் எல்லாப் பட்டிகளையும் முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள். ஓரம் பிய்ந்திருந்தாலோ வெட்டு இருந்தாலோ மாற்ற வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்ள வேண்டும், விட்டால் தானாகச் சுருள வேண்டும். சுருளாவிட்டால் பெரும்பாலும் அழுக்குத்தான். மெல்லிய சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு உள்ளே விடுங்கள். வெளுக்கும் திராவகம் நூலைப் பலவீனமாக்கும், அதைத் தொட வேண்டாம். பூட்டுக்குள் மணலோ டொபித் துண்டோ கிடந்தால் 'கிளிக்' என்று விழாது. விழுந்தது போலிருந்து இழுக்கக் கழன்றும் விடும். விபத்தில் மாட்டிய வாகனத்தின் பட்டி பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் மாற்றியே ஆக வேண்டும். எச்சரிக்கை ஒலியை நிறுத்தப் பட்டியில்லாத வெறும் நாக்கை வாங்கிப் பூட்டில் செருகி வைத்திருப்போர் அதை இன்றே கழற்றுங்கள்.

ஓட்டோவில் வருவோரைப் பற்றித் தனியாகப் பேசுவோம். அதில் பட்டி இல்லை என்பது வேறு பிரச்சினை.

சாரதியும் முன் ஆசனத்தில் இருப்பவரும் பட்டி அணிவது 2011 முதல் இந்நாட்டுச் சட்டம். பின் ஆசனத்துக்கு எங்கள் பாடசாலையின் விதியைச் சொல்கிறேன். மூன்றாம் தவணை முதல், மடியில் பிள்ளையோடு முன்னால் அமர்ந்துவரும் காரை வாசலில் நிற்கும் ஆசிரியர் நிறுத்துவார். பிள்ளை பின்னால் மாறி, பட்டி கொளுவிய பிறகே வாகனம் நகரும். “கிட்டத்தானே சேர்” என்ற பதிலை இனி ஏற்க மாட்டேன். ஆசிரியரோடு தர்க்கம் வேண்டாம், என்னிடம் வாருங்கள். ஆசன எண்ணிக்கைக்கு மேல் பிள்ளைகளை ஏற்றும் வான் எதுவானாலும் அதில் வரும் பிள்ளைகளின் பெற்றோரை அழைத்துப் பேசுவேன்.

கண்டிப்பாக எழுதியது மனதில் பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் பலர் சொல்லாமலே இதையெல்லாம் செய்துவருகிறீர்கள். சீட் கவரை வெட்டிப் பட்டிகளை வெளியே எடுத்துவிட்ட வான் சாரதிகளுக்கும், மழையிலும் வாசலில் நிற்கும் போக்குவரத்துப் பொலிஸாருக்கும் என் மனமார்ந்த நன்றி. பட்டியைச் சரிபார்க்க உதவி தேவையானவர்கள் தவணை தொடங்கும் வாரத்தில் பாடசாலை விட்ட பிறகு வாகனத்தை மைதானப் பக்கம் கொண்டுவாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.

இங்ஙனம்,
அதிபர்,
மட்டக்களப்பு.