ஸ்டிக்கர் பொட்டு தயாரிப்பாளர்களுக்கு: பசையில் என்ன இருக்கிறது?

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். ‘நாள் முழுக்க உதிராது’ என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள். பின்பக்கம் விலை, எண்ணிக்கை எல்லாம் இருக்கிறது. பசையில் என்ன சேர்த்தீர்கள் என்று சொல்லத்தான் இடம் போதவில்லை.

பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற பெயர் உங்களுக்குப் புதிதல்ல. பசைக்குப் பிடிமானம் தரும் பிசினோடு வருவது. தோலின் நிறமிச் செல்கள் டைரோசின் என்ற அமினோ அமிலத்தை எடுத்து, தோலுக்கு நிறம் தரும் மெலனினைச் செய்கின்றன. இந்த ஃபீனாலும் டைரோசின் சாயலில் இருப்பதால் செல் ஏமாந்துபோகிறது. உள்ளே அது நச்சாகி செல்லையே கொல்கிறது. அந்த இடத்தில் தோல் வெளுத்துப்போகிறது.

சிலருக்கு முதலில் அரிக்கும், சிவக்கும். சிலருக்கு அந்த எச்சரிக்கைகூடக் கிடையாது. நெற்றி நடுவே மிளகளவு வெளுப்பு. அதை மறைக்கக் கொஞ்சம் பெரிய பொட்டு. அதன் அடியிலும் வெளுத்தால் இன்னும் பெரியது. மறைக்க ஒட்டுவதே வெளுப்பைப் பெருக்குகிறது. உங்களுக்கு அதுவும் விற்பனைதான்.

தொட்டால் உணர்வு இருக்கிறது, தொழுநோய் இல்லை, யாருக்கும் தொற்றாது என்று எத்தனை பேருக்கு விளக்குவது? ‘வெண்குஷ்டம்’ என்ற சொல்லையே இன்னும் விடாத ஊரில், பெண் பார்க்க வருகிறவர்களிடம் பேட்ச் டெஸ்ட் என்னும் தோல் ஒவ்வாமைச் சோதனையின் முடிவையா நீட்டுவது?

பசையில் உள்ளதை அட்டையில் அச்சிடுங்கள். கேட்பது அவ்வளவுதான்.

பொட்டை அடியோடு நிறுத்தினால்தான் சிகிச்சையே தொடங்கும். நிறுத்திய பிறகும் சிலருக்கு, பொட்டே படாத இடங்களில் பரவுவதுண்டு. மருத்துவர் எழுதும் 0.1 சதவீத டாக்ரோலிமஸ் களிம்பை தினம் இரு வேளை, மாதக்கணக்கில் தடவ வேண்டும். போதாவிட்டால் 311 நானோமீட்டர் புற ஊதாக் கதிர், வாரம் 2 அல்லது 3 முறை. ஒவ்வொரு முறையும் அரை நாள் கூலி போகும். நிறம் மயிர்க்கால்களிலிருந்து புள்ளி புள்ளியாகத்தான் திரும்பும். இடையில் பொறுமை இழந்து வெண்திட்டுக்கு நாட்டு மருந்தாகப் பூசும் கார்போக அரிசி எண்ணெயைத் தடவி வெயிலில் நின்றால் கொப்புளம். அந்தப் புண் ஆறிய இடத்தில் புது வெளுப்பு.

ஜப்பானில் 2013இல், சருமத்தை வெளுப்பாக்கும் கிரீம்களில் இருந்த ரோடோடென்ட்ரால் என்ற வேதிப்பொருள் இதே போல வெண்திட்டுகளை உண்டாக்கியது. தயாரித்த நிறுவனமே சரக்கைத் திரும்பப் பெற்றது. திரும்பப் பெறச் சொல்லி உங்களை நாங்கள் சிரமப்படுத்தவில்லை. உதிராத பொட்டு உங்கள் சாதனை, இருக்கட்டும். அடுத்த அட்டை அச்சுக்குப் போகும்போது விலைக்குக் கீழே பசையின் சேர்மானத்தை ஒரு வரியில் போடுங்கள். இந்த ஃபீனால் இல்லாத பசைக்கு எப்போது மாறுவீர்கள் என்றும் தயவுசெய்து தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
தோல் சிகிச்சைப் பணியில் இருப்போர் சிலர்