டிரைவ் எந்த ஸ்லாட்டில் என்று கொட்டேஷனில் எழுதட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பழைய டெஸ்க்டாப்பைக் கழித்துவிட்டுப் புதிதாக அசெம்பிள் செய்ய நினைப்பவர்கள் கடையில் வாங்கும் கொட்டேஷனில் ‘1 டிபி என்விஎம்இ’ (வேகமான எஸ்எஸ்டி சேமிப்பு டிரைவ்) என்று ஒரு வரி இருக்கும். அந்த டிரைவ் மதர்போர்டின் எந்த ஸ்லாட்டில் உட்காரப்போகிறது என்பது இருக்காது. அதையும் எழுதித் தருவதைக் கடைக்காரர்கள் வழக்கமாக்க வேண்டும்.

இந்த டிரைவ் செருகும் ஸ்லாட்டுக்கு எம்.2 என்று பெயர். போர்டு பெட்டியின் மேல் ‘எம்.2 ஸ்லாட்டுகள்: 2’ என்று அச்சிட்டிருந்தால் இரண்டும் ஒரே தரம் என்று நினைத்துவிடுகிறோம். இன்றைய பெரும்பாலான போர்டுகளில் பிராசசருக்குப் பக்கத்தில், கிராபிக்ஸ் கார்டுக்கு மேலே இருக்கும் ஸ்லாட் நேராகப் பிராசசரோடு இணைந்தது. கீழே இருப்பவை பெரும்பாலும் போர்டின் துணைச் சிப்பான சிப்செட் வழியாகப் போகின்றன. யுஎஸ்பி, நெட்வொர்க், சாட்டா (ஹார்ட்டிஸ்க் கேபிள் இணைப்பு) ஆகியவையும் பெரும்பாலும் அந்த சிப்செட்டின் ஒரே பாதையில்தான் பிராசசருக்குச் செல்ல வேண்டும். இன்டெல்லின் பி760 சிப்செட்டில் அந்தப் பாதை 4 லேன் (தரவு செல்லும் தடம்). இசட்790-ல் 8 லேன். ஆகவே விண்டோஸ் ஏற்றும் டிரைவுக்கு மேல் ஸ்லாட், படங்களும் வீடியோவும் சேமிக்கும் டிரைவுக்குக் கீழ் ஸ்லாட் என்பது பொதுவாகச் சரிப்பட்டுவரும்.

சிக்கல் வருவது பிராசசரும் போர்டும் சேரும் இடத்தில். இன்டெல்லின் பத்தாம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில் எம்.2-க்கென்று தனி லேன் கிடையாது. பதினொன்றாம் தலைமுறையில்தான் வந்தது. ஐ5-10400-ஐ பி560 போர்டில் மாட்டினால் கம்ப்யூட்டர் ஓடும். ஆனால் பிராசசரிடமிருந்து லேன் எடுக்கும் மேல் எம்.2 ஸ்லாட் செத்துக் கிடக்கும். டிரைவ்தான் பழுது என்று வாரண்டிக்குக் கொண்டுபோய் அலைவார்கள். கீழ் ஸ்லாட்டுக்கு மாற்றினால் வேலை முடிந்தது. செகண்ட்ஹேண்ட் போர்டு வாங்குபவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும்.

ஏஎம்டி பக்கம் வேறு கதை. பி550 போர்டில் ரைசன் 5600 போட்டால் மேல் ஸ்லாட் பிசிஐஇ 4.0-ல் ஓடும் (பிசிஐஇ என்பது இந்த லேன்களின் இணைப்பு முறை; எண் அதன் தலைமுறை, எண் கூடினால் வேகம் கூடும்). அதே போர்டில் 5600ஜி போட்டால் 3.0-தான், ஏனென்றால் அந்தப் பிராசசரே அவ்வளவுதான் தரும். நொடிக்கு 7,000 எம்பி படிக்கும் டிரைவுக்குக் காசு கொடுத்துவிட்டு 3,500 எம்பிக்கு அருகில் நின்றுபோவது இப்படித்தான். புதிய ஏஎம்5 போர்டில் ரைசன் 8500ஜி மாட்டுபவர்களுக்குப் பிராசசரின் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் இரண்டு லேன்தான் கிடைக்கும். கிராபிக்ஸ் கார்டுக்கே நான்கு லேன்தான்.

அடுத்தது, ஒன்றைச் செருகினால் இன்னொன்று அணைவது. பல பி550 போர்டுகளில் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் டிரைவ் ஏறியதும் சாட்டா 5, 6 போர்ட்டுகள் நின்றுவிடும். பழைய ஹார்ட்டிஸ்க் காணவில்லை என்று பதறாமல், கேபிளை 1 முதல் 4-க்குள் ஏதாவது ஒன்றுக்கு மாற்றிப் பாருங்கள். 12 முதல் 14-ஆம் தலைமுறை இன்டெல் பிராசசருக்கான இசட்790 போர்டுகள் சிலவற்றில் பிசிஐஇ 5.0 எம்.2 ஸ்லாட் உண்டு. அதை நிரப்பினால் கிராபிக்ஸ் கார்டின் 16 லேன் 8 ஆகக் குறையும். விளம்பரத்தில் இந்த ஸ்லாட்டின் வேகம் பெரிய எழுத்தில் வரும். லேன் பங்கீடு மேனுவலின் அடிக்குறிப்பில் இருக்கும்.

எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அதே வடிவத்தில் நொடிக்கு 550 எம்பி அளவில் நிற்கும் சாட்டா டிரைவும் வருகிறது. என்விஎம்இ மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் அது கச்சிதமாக உட்காரும், பயாஸில் (போர்டின் அமைப்புத் திரையில்) தலைகாட்டாது. முனையில் இரண்டு வெட்டு இருந்தால் சாட்டா, ஒன்று இருந்தால் என்விஎம்இ என்று சொல்வதை முழுதாக நம்ப வேண்டாம். இரண்டு லேன் என்விஎம்இ டிரைவ்களிலும் இரட்டை வெட்டு உண்டு. லேபிளைப் படிப்பதே உறுதி.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவையும் உண்டு. 2280 என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். அந்த நீளத்துக்கு உரிய துளையில் டிரைவைத் தாங்கும் குட்டி ஸ்டாண்டாஃப் இருக்கிறதா என்று பார்த்த பிறகே திருகை முடுக்குங்கள். அது இல்லாமல் இறுக்கினால் டிரைவ் வளையும். ஹீட்சிங்க்கின் தெர்மல் பேடில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் படலத்தை உரிக்க மறப்பவர்கள் ஏராளம். உரிக்காவிட்டால் சூடு வெளியேறாது, பெரிய கோப்பை நகலெடுக்கும்போது டிரைவ் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சொந்த ஹீட்சிங்க்கோடு வரும் டிரைவின் மேல் போர்டின் ஹீட்சிங்க்கையும் வைத்து அழுத்தக் கூடாது.

விண்டோஸ் நிறுவும்போது அந்த ஒரு டிரைவை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைக் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் கம்ப்யூட்டரை எழுப்பும் பூட் பார்ட்டிஷன் பழைய ஹார்ட்டிஸ்க்கில் போய் உட்காரக்கூடும். பின்னாளில் அந்த ஹார்ட்டிஸ்க்கை எடுத்தால் கம்ப்யூட்டர் எழாது. இன்டெல் போர்டில் டிரைவ் பயாஸில் தெரிந்தும் விண்டோஸ் இன்ஸ்டாலரில் தெரியாவிட்டால், பயாஸில் விஎம்டி என்ற அமைப்பு இயங்குகிறதா என்று பாருங்கள். அதை அணைக்கலாம், அல்லது இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை பென்டிரைவில் வைத்து ஏற்றலாம். கேபிளைக் கழற்றக்கூடிய மாடுலர் பவர் சப்ளையை மாற்றினால் பழைய சாட்டா பவர் கேபிளைப் புதியதில் செருகவே செருகாதீர்கள். இணைப்பான் பொருந்தும், ஆனால் உள்ளே கம்பிகளின் வரிசை வேறாக இருக்கலாம், டிரைவ் எரிந்துபோகும்.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அலுவலக வேலை, படிப்பு, சாதாரண விளையாட்டு என்றால் 3.0-க்கும் 4.0-க்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. 5.0 டிரைவுக்குத் தரும் கூடுதல் பணத்தில் கொள்ளளவை உயர்த்திக்கொள்வதே புத்திசாலித்தனம்.

எல்லாம் முடிந்ததும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தால், டிரைவ் இப்போது ஓடும் முறையும் அதனால் முடிந்த முறையும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். இரண்டும் வேறுபட்டால் காரணத்தைக் கடையிலேயே கேட்டுவிடலாம். கொட்டேஷனில் போர்டின் முழு மாடல் பெயர், ரிவிஷன் எண், டிரைவ் ஏறும் ஸ்லாட், அதன் பிசிஐஇ தலைமுறை, லேன் எண்ணிக்கை, அதனால் அணையும் போர்ட்டுகள் ஆகியவை இருந்தால் போதும். இவை அனைத்தும் மேனுவலில் உள்ளவைதான். மேனுவல் அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தில், போர்டு வாங்கும் முன்பே, இலவசமாகக் கிடைக்கிறது.

இப்படிக்கு,
கணினி பொருத்துநர் ஒருவர்,
சேலம்.