நிலாவுக்கு எந்த கார்டு?

அன்புள்ள மாலதி,

நலம்தானே? இங்கே எல்லாரும் நலம். மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அந்த அலைச்சலில்தான் பதில் போடத் தாமதம், கோபித்துக்கொள்ளாதே.

நிலா வெளியூர் காலேஜுக்குப் போகிறாள், பாங்க் கார்டைக் கையில் கொடுக்கப் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். டிரங்குப் பெட்டிக்கு இரண்டு பூட்டு போட்டவளாச்சே நீ! ஆனால் இந்தப் பயம் நியாயமானது.

போன மாதம் அக்காவின் கணக்கில் யாரோ கைவைத்துவிட்டார்கள். ஏதோ ஒரு வெப்சைட்டில் பதிந்து வைத்திருந்த டெபிட் கார்டு விவரம் வெளியே போயிருக்கிறது. காலையில் போனை எடுத்தால் வரிசையாக மெசேஜ், கணக்கு சுத்தமாகக் காலி. பாங்க் விசாரித்துப் பணத்தைத் திருப்பித் தந்துவிட்டது. ஆனால் அதுவரை வாடகை கொடுக்கக்கூட அவளிடம் காசு இல்லை. அவள் அழுததைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஒரே எண்ணம்தான்: சம்பளம் வந்து விழுகிற கணக்கின் கார்டு எண்ணைக் கண்ட இடத்தில் கொடுக்கக் கூடாது. அதற்குத்தான் ப்ரீபெய்டு கார்டு.

பார்த்தால் டெபிட் கார்டு மாதிரியேதான் இருக்கும். எண், காலாவதித் தேதி, பின்பக்கம் 3 இலக்க சிவிவி எல்லாம் உண்டு. ஆனால் உன் வங்கிக் கணக்கோடு அதற்குத் தொடர்பு கிடையாது. முதலில் நீ பணம் ஏற்ற வேண்டும், அது கார்டு கொடுத்த நிறுவனத்திடம் இருப்பாக நிற்கும். கடையில் தேய்த்ததும் கடைக்காரரின் பாங்க் வழியாக விசா, மாஸ்டர்கார்டு போன்ற நெட்வொர்க்குக்குக் கேள்வி போகும். எண்ணின் முதல் 6 அல்லது 8 இலக்கங்களை வைத்தே அது யார் கொடுத்த கார்டு என்று தெரிந்துகொண்டு, அந்த நிறுவனத்திடம் இருப்பைக் கேட்கும். பணம் இருந்தால் சரி, இல்லையென்றால் அங்கேயே மறுத்துவிடும். கடன் இல்லை, அதனால் வட்டியும் இல்லை. திருடன் கையில் எண் சிக்கினாலும் அதில் ஏற்றியிருக்கிற தொகையோடு போச்சு, உன் சேமிப்பை அவன் தொட முடியாது. எனக்கு இந்த ஒன்றே போதும்.

நிலாவுக்கு மாதச் செலவை மட்டும் ஏற்றிக் கொடு. தொலைத்துவிட்டால் பெரும்பாலும் ஆப்பிலேயே முடக்கிவிடலாம். செலவுக் கணக்கும் அதில் தெரியும். அதற்காக ஒவ்வொரு செலவுக்கும் போன் போட்டு அவளைக் குடையாதே!

வாங்குவதற்கு முன் கட்டணப் பட்டியலைக் கட்டாயம் படி. கார்டு வாங்க ஒன்று, பணம் ஏற்ற ஒன்று, ஏடிஎம்மில் எடுக்க ஒன்று என்று சில நிறுவனங்கள் பிடிக்கும். பல மாதம் தொடாமல் வைத்திருந்தால் அதற்கும் கட்டணம் வைத்து இருப்பைக் கரைத்துவிடுவார்கள். ஒரே கடையில் மட்டும் செல்லுகிற கிஃப்ட் கார்டை இதோடு குழப்பிக்கொள்ளாதே, அவளுக்கு அது உதவாது. ஹோட்டல் அறைக்கு இந்த கார்டைக் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்லிவை. வாடகைக்கு மேலேயே ஒரு தொகையைப் பிடித்துவைப்பார்கள், அறையைக் காலி செய்த பிறகும் அது விடுபடச் சில நாள் ஆகலாம். அதுவரை அந்தப் பணம் அவளுக்கு இல்லாத பணம்தான். அப்புறம், இருப்பு தீர்ந்துவிட்டது என்று கார்டைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. திருப்பிக் கொடுத்த பொருளின் பணம் வழக்கமாக அதே கார்டுக்குத்தான் வரும்.

மொத்தச் சேமிப்பையும் இதில் கொட்டாதே, மாலதி. 2020 ஜூனில் வயர்கார்டு என்ற ஜெர்மனியின் பணப் பரிவர்த்தனை நிறுவனம் சரிந்தபோது, பிரிட்டனில் அதன் துணை நிறுவனத்தைக் கண்காணிப்பு அமைப்பு சில நாள் நிறுத்திவைத்தது. அந்தத் துணை நிறுவனம் கொடுத்திருந்த ப்ரீபெய்டு கார்டுகளும் கூடவே முடங்கின. பணம் பிறகு கைக்கு வந்தது, ஆனால் அந்த நாட்களில் செலவுக்கு என்ன செய்திருப்பார்கள்? அதனால் நிலாவின் பையில் கொஞ்சம் ரொக்கமும் இருக்கட்டும்.

எந்த கார்டு என்று முடிவு செய்ததும் அதன் கட்டணப் பட்டியலை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. நானும் ஒருமுறை பார்த்துவிடுகிறேன், அப்புறம் வாங்கு. உன் வீட்டுக்காரரைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
வசந்தி